இங்கிலாந்துக்கு மட்டும் சொல்லவில்லை

2019-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம், ஒரு திங்கட்கிழமை. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஹேண்ட்போனில் ஓர் இங்கிலாந்து நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தேன். இங்கே சாயங்காலம் நாலு மணி. அங்கே காலை ஒன்பது. அறுபது வயதாகியும் அதுவரை நான் வெளிநாட்டுக்குப் போன் செய்ததில்லை. அந்த ஒரு போனைச் செய்ய எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்களோ என்னவோ. பரவாயில்லை, சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இங்கிலாந்து வங்கி ஒன்றின் கணக்குப் பிரிவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். ஆபீஸ் இங்கே இருந்தாலும் வேலை நேரம் லண்டன் நேரம். நானும் அதே கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறேன். காலையில் போனால் மதியம் ரெண்டு மணிக்கு முடிந்துவிடும். நான் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும் நேரத்தில் அவர் எதிர்ப்பக்க ரயிலில் கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருப்பார். அவர் வீடு திரும்பும்போது நான் தூங்கிப்போயிருப்பேன். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசிக்கொண்டோம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த வங்கியில் ஊழியர்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அந்த வங்கியின் பங்குகளையே வாங்கி அவர்கள் பெயரில் வைப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய பெருமை. "சம்பளம் கொடுக்குற கம்பெனில நாமளும் ஒரு மொதலாளி, தெரியும்ல" என்பார். வருஷத்துக்கு ரெண்டு தடவை கிடைக்கும் லாபப் பணத்தைக்கூடக் கையில் வாங்காமல், அதற்கும் பங்கே வாங்கிப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வேலையை விட்டுவிட்டு ரெண்டு வருஷம் வீட்டில் இருந்தார். அந்தப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குச் சாயங்காலம் என்று ஒன்று திரும்பக் கிடைத்தது அந்த ரெண்டு வருஷத்தில்தான். நான் கிளினிக்கிலிருந்து வந்து தேத்தண்ணி கலக்குவேன். அவர் சோபாவில் உட்கார்ந்து ஹேண்ட்போனைப் பார்த்து, "லண்டன் தொறந்தாச்சு" என்பார். லண்டன் பங்குச் சந்தை நம் நேரப்படி சாயங்காலம் மூணு மணிக்கோ நாலு மணிக்கோதான் திறக்கும். விலை என்ன என்று பார்த்துச் சொல்வார். எனக்கு ஒன்றும் புரியாது. தலையை ஆட்டுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொல்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

2016 ஆரம்பத்தில் அவர் போய்விட்டார்.

யாராவது இறந்துபோனால் ஓர் ஊருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சேமநிதி அலுவலகம், உள்ளூர் பேங்க், போன் கம்பெனி, அவர் மோட்டார் சைக்கிளைப் பெயர் மாற்றும் இடம் என்று ஒவ்வொரு கவுண்டராகப் போய் மரணச் சான்றிதழை நீட்டி, "சுவாமி சாயா சுடா மெனிங்கால்" என்று மலாயில் சொல்ல வேண்டும். என் கணவர் இறந்துவிட்டார். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் ஓர் இடத்திலிருந்து அவர் பெயரை அடிப்பார்கள். கரண்ட் பில்லில்கூட என் பெயர் வந்துவிட்டது.

இங்கிலாந்தில் பங்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனிக்கு மட்டும் சொல்லவில்லை. முதலில் மறந்துதான் போனேன். அப்புறம் ஒரு நாள் தபால் பெட்டியில் வெள்ளை உறை ஒன்று கிடந்தது. இங்கிலாந்துத் தபால். மேலே மிஸ்டர் என்று போட்டு அவர் முழுப் பெயர். லாபப் பணத்துக்கு இத்தனை புதுப் பங்கு வாங்கியிருக்கிறோம் என்று ஒரு தாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு லிப்ட் பக்கத்திலேயே நின்றேன். உலகத்தில் ஓர் இடத்தில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தோன்றியது. அங்கேயும் போய் நான் ஏன் அவர் பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும்? உறையைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கிளினிக் டிவியில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற இங்கிலாந்து மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்றார்கள். பிரெக்சிட் என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அவருடைய ஹேண்ட்போனைத் திறந்தேன். கடவுச்சொல்லை டைரியில் எழுதி வைத்திருந்தார். அவர் வங்கியின் பங்கு பாறாங்கல்லைக் கிணற்றில் போட்டது மாதிரி இறங்கியிருந்தது. ஒரே நாளில் அவ்வளவு விழும் என்று எனக்குத் தெரியாது. "உங்க பேங்க் விழுந்துடுச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஹாலில் யாரும் இல்லை என்பது உறைத்தது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. தினமும் சாயங்காலம் தேத்தண்ணியோடு உட்கார்ந்து விலை பார்ப்பேன், அவருக்குச் சொல்வேன். லண்டனில் ஓர் அமைச்சர் ராஜினாமா செய்தால் விலை இறங்கும். பேச்சுவார்த்தை நன்றாகப் போகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் ஏறும். அந்த நாட்டில் எப்படி முடியப்போகிறது என்று தெரியாதவரை வங்கிப் பங்கை வாங்கப் பெரிய ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. கிளினிக்கில் டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னவர், கிண்டல் செய்வார். 2018-ல் நம் நாட்டில் ஆட்சியே மாறியபோது, "அக்கா, நம்ம பார்லிமென்ட் நியூஸ் பாருங்க லா, இன்னும் லண்டன் பார்லிமென்டையே பார்க்குறீங்க" என்றார். சிரித்து வைத்தேன்.

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகித் தெற்கே ஜொகூரில் இருக்கிறாள். எட்டு வருஷமாகக் குழந்தை இல்லை. செயற்கை முறையில் கருத்தரிக்க ஒரு தடவை முயற்சி செய்து, அது நிற்கவில்லை. அதிலேயே அவர்கள் சேமிப்பு கரைந்துபோனது. அவள் அப்பாவின் சேமநிதிப் பணமோ வீட்டுக் கடனுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் போய்விட்டது. 2018 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மா, அப்பாவோட லண்டன் ஷேர் இருக்குல்ல. அத வித்தா இன்னொரு தடவ ட்ரை பண்ணலாம்னு இருக்கோம். அப்புறமா உனக்குத் திருப்பிக் கொடுத்துர்றோம்."

அவள் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அவள் அப்பா அவளுக்காகத்தான் சேர்த்தார். ஆனால் விற்க வேண்டுமென்றால் அவர் இறந்துவிட்டார் என்று இங்கிலாந்துக்குச் சொல்ல வேண்டும். நான் சட்டென்று, "இப்ப வெல ரொம்ப எறங்கிக் கெடக்குது. மார்ச்ல பிரெக்சிட் முடிஞ்சிரும். அப்புறம் ஏறும். அது வரைக்கும் பொறு" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. விலை நிஜமாகவே இறங்கித்தான் கிடந்தது. ஆனால் நான் சொன்னதற்குக் காரணம் அது இல்லை.

ஜனவரியில் லண்டன் பார்லிமென்டில் பிரெக்சிட் ஒப்பந்தம் தோற்றது. மார்ச்சில் மறுபடியும் தோற்றது. வெளியேறும் தேதியை ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டார்கள். மகள் கேட்கும்போதெல்லாம் நானும் தள்ளிப்போட்டேன். "அங்க இன்னும் முடிவாகல லா" என்பேன், ஏதோ பங்குச் சந்தையைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி. அவர்கள் இழுக்க இழுக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரலில் தேதி அக்டோபர் கடைசிக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம், "அக்டோபர் வரைக்கும் பொறுத்துக்கம்மா, ஒரு முடிவு தெரிஞ்சிரும்" என்றேன்.

பின்னால் மருமகன் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

"மா, எனக்கு இப்ப முப்பத்தெட்டு. அக்டோபர்ல முப்பத்தொம்பது. லண்டன்ல அவங்க தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கலாம். என்னால முடியாதும்மா."

குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். மறுநாள் கிளினிக்கில் ஒருவருடைய பெயருக்கு நேராக இன்னொருவரின் நேரத்தை எழுதி வைத்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, அங்கே ஆபீஸ் திறக்கிற நாலு மணி வரை காத்திருந்துவிட்டு, அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து, அதன் அடியில் அச்சடித்திருந்த நம்பரைப் போட்டேன்.

முதலில் ஒரு பாட்டு, அப்புறம் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல். நான் பிரிபெய்ட் ஆள். முன்கூட்டிப் பணம் கட்டிப் போட்டு வைத்த கிரெடிட் கரைந்துகொண்டிருந்தது. கடைசியில் ஓர் ஆண் குரல் வந்தது. இளவயதா, நடுவயதா என்று தெரியவில்லை. அவர் பேசிய ஆங்கிலம் டிவியில் கேட்கிற மாதிரி இல்லை, உருட்டி உருட்டி வந்தது. லைன் விட்டுப்போனால் தேவைப்படும் என்று முதலில் என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கணக்கு எண். அப்புறம், கணக்கு வைத்திருப்பவரிடம் பேச முடியுமா என்றார்.

என் வீட்டுக்காரர் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? மலாயில் சொல்லியிருக்கிறேன். தமிழில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவர் மறுபடியும், அம்மா, லைனில் இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"மை ஹஸ்பண்ட் இஸ் டெட்" என்றேன். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் டொக்கென்று லைன் அறுந்துபோனது. கிரெடிட் தீர்ந்துவிட்டது.

அந்த நிமிஷத்தை என்னால் மறக்கவே முடியாது. கீழே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் கத்துகிற சத்தம். கையில் செத்துப்போன போன். மூன்று வருஷமாகச் சொல்லாததை இப்போதுதான் சொன்னேன், கேட்ட ஆள் இல்லை. கடைக்குப் போய் கிரெடிட் போட்டு, மறுபடியும் அந்தப் பாட்டைக் கேட்டு, வேறு யாரோ ஒருவரிடம் முதலிலிருந்து சொல்ல என்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. போனைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்தேன்.

போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். அவர்தான்.

பல நூறு பேர் போன் செய்கிற இடம் அது. லைன் அறுந்தால் அடுத்த ஆளைப் பார்க்கலாம். அவர் என்னைத் தேடித் திரும்பக் கூப்பிட்டார். லைன் போய்விட்டது, மன்னியுங்கள் என்றார், ஏதோ தப்பு அவருடையது மாதிரி. உங்கள் கணவர் எப்போது தவறினார் என்று கேட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், சட்டம் பேசுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவசரமே இல்லை, மெதுவாகப் பேசலாம் என்றார். என்ன என்ன தாள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார்.

கடைசியாக வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இனிமேல் என் வீட்டுக்காரர் பெயரில் கடிதம் வராதா என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். இனி வருவதெல்லாம் காலமானவர் என்று போட்டுத்தான் வரும். ஆனால் இந்தத் தவணைக்கான கடிதம் ஏற்கெனவே தயாராகிவிட்டது, அதை இனி நிறுத்த முடியாது, அது உங்கள் கணவர் பெயரிலேயே உங்களுக்கு வரும் என்றார். சொன்ன மாதிரியே அடுத்த மாதம் வந்தது. நிஜமாகவே நிறுத்த முடியாதா, இல்லை எனக்காக விட்டுவைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. போனில் பேசிய அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிரெக்சிட்டால் இல்லை, என்னால்தான் தாமதம் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்பாவுக்கு லெட்டர் வந்துக்கிட்டு இருந்துச்சா? எனக்கு ஒன்னுகூட நீ காட்டலியேம்மா."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இழந்தவள் நான் ஒருத்திதான் என்று இருந்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அவள் மட்டும் பஸ் ஏறி வந்தாள். உறைகளை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் அப்பா பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். போகும்போது ஒன்றை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. என் வீட்டுக்காரர் உயில் எழுதாததால் கிள்ளானில் வக்கீல் பிடித்து நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அதை இங்கிலாந்து நீதிமன்றமும் ஏற்று முத்திரை குத்த வேண்டும். மாதக் கணக்கில் இழுத்தது. அந்த டிசம்பரில் இங்கிலாந்தில் தேர்தல் நடந்து, வெளியேறுவது ஒரு வழியாக உறுதியானது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வங்கிப் பங்கு துள்ளிக்கொண்டு ஏறியது. நான் மகளிடம் சொன்ன "அப்புறம் ஏறும்" நிஜமாகவே நடந்தது. என்னால்தான் விற்க முடியவில்லை. தாள்கள் லண்டனில் யார் மேசையிலோ கிடந்தன.

எல்லாம் சரியாகி என் பெயருக்கு வந்தது 2020 மார்ச் மாதம். அப்போதுதான் கொரோனா வந்து இங்கே ஊரடங்கும் வந்தது. பங்கு விலை பிரெக்சிட் காலத்தைவிட மோசமாக விழுந்தது. லாபப் பணமும் இந்த முறை கிடையாது என்று அந்த வங்கி சொல்லிவிட்டது. இதற்குள் விஷயமெல்லாம் தெரிந்துகொண்டிருந்த கிளினிக் டாக்டர் போனில், "அக்கா, இப்ப விக்காதீங்க, பொறுத்தா ஏறும்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் பொறுத்தது போதும் என்று அந்த வாரமே விற்றுவிட்டேன். மகள் முதன்முதலில் கேட்டபோது கிடைத்திருக்கக்கூடியதைவிட ரொம்பக் குறைவு. அதை அப்படியே ஜொகூருக்கு அனுப்பினேன்.

ஊரடங்கில் சிகிச்சை மையமும் மூடிக்கிடந்தது. வருஷக் கடைசியில்தான் அவர்களால் போக முடிந்தது. அவளுக்கு அப்போது நாற்பது. அந்த முறையும் நிற்கவில்லை. இத்தோடு போதும்மா, நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். முன்பே செய்திருந்தால் நின்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் இன்றுவரை ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்காகத்தான் அவள் பேசாமல் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நான் விலை பார்ப்பதில்லை. சாயங்காலத்தில் கீழே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன். பங்கு ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டால் லண்டன் அரசியல்வாதிகள், ஓட்டு, கொரோனா என்று எத்தனையோ காரணம் என்னால் சொல்ல முடியும். என் மகள் கேட்ட நேரத்தில் கொடுக்காமல் போனதற்கு மட்டும் வேறு யாரையும் என்னால் காட்ட முடியாது. அதனால்தான் இப்போதெல்லாம் அவள் எது கேட்டாலும், கேட்ட அன்றைக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.